அறுபதுக்கு மேலே நாலு

எங்கள் துறையில் அவளை எல்லோரும் லேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வயசு மாணவனுக்கும் லேப்பக்கா, ஐம்பது தாண்டிய பேராசிரியருக்கும் லேப்பக்கா. துறைத் தலைவர் மட்டும் அதையும் சுருக்கி 'லேப்' என்பார். "லேப்பைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்று அவர் சொன்னதைக் கேட்டு, புதிதாகச் சேர்ந்த ஊழியர் ஒருவர் அறை எப்படி நடந்து வரும் என்று திகைத்து நின்றிருக்கிறார்.

நான் அதே துறையின் அலுவலகத்தில் எழுத்தர். கடிதம் அடிப்பது, கோப்பு கட்டுவது, விண்ணப்பங்களைப் பிரிப்பது, கேட்ட கோப்பு கிடைக்கவில்லை என்று சொல்வது. கடைசி வேலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இருபத்தாறு வருஷமாக அங்கே குப்பை கொட்டுகிறேன். அவள் ஆய்வக உதவியாளராக வந்து பதினான்கு வருஷம். அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று கேட்டால், அவள் பட்ட பாட்டில் பாதிக்கு நான் பொறுப்பு. அந்த உரிமைதான்.

ஆய்வகம் கட்டடத்தின் பின்புறம், தரைத்தளத்தில் இருக்கிறது. கம்பியை இழுத்து அறுத்துப் பார்ப்பது, மரக்கட்டையை வளைத்து முறித்துப் பார்ப்பது, சுருள்வில்லை அமுக்கிப் பார்ப்பது என்று, எந்தப் பொருள் எவ்வளவு தாங்கும் எனச் சோதிக்கிற இடம். எட்டு இயந்திரங்கள், எட்டும் என்னைவிட வயசானவை. சிமெண்டுத் தரையில் ஊறிப்போன எண்ணெய்க் கறை எவ்வளவு தேய்த்தாலும் போகாது, அவளும் தேய்ப்பதை விட்டதில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் அவளுடைய சாம்பல்நிற மேலங்கி தொங்கும். இடது பையில் ஸ்பானர், வலது பையில் பென்சிலும் மகளுடைய பழைய அழிப்பானும் இருக்கும்.

எட்டில் ஆறாவது, சுருள்வில்லைச் சோதிக்கிற இயந்திரம். கைச்சக்கரத்தைச் சுற்றினால் மேல்தட்டு இறங்கி வில்லை அமுக்கும். வில் எத்தனை மில்லிமீட்டர் அமுங்கியது என்று பக்கத்து அளவுகோல் சொல்லும். எத்தனை கிலோ பாரம் என்று வட்ட முகப்பில் முள் காட்டும். இந்த முள் அறுபது கிலோ வரைக்கும் யோக்கியமாக இருக்கும், அதைத் தாண்டினால் பொய் சொல்லும். எண்பது காட்ட வேண்டிய இடத்தில் எழுபத்தாறு காட்டும், நூறு காட்ட வேண்டிய இடத்தில் தொண்ணூற்று நாலு. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடுமுறை நாளில் எடைக்கட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கி, இதைக் கண்டுபிடித்தவள் அவள்தான்.

கண்டுபிடித்ததை எழுதிக் கொடுத்தாள். அந்தக் கடிதத்தை அடித்தவள் நான். தலைவர் படித்தார், ஓரத்தில் பச்சை மையில் 'பின்னர் பார்க்கலாம்' என்று எழுதினார். எட்டு இயந்திரங்களும் சரியாக இருக்கின்றன என்று வருஷா வருஷம் ஒரு சான்றிதழ் மேலிடத்துக்குப் போகும். அதன் அடியில் அவர் கையெழுத்து இருக்கும். இந்தக் கடிதத்தை மேலே அனுப்பினால் அந்தக் கையெழுத்துக்கு என்ன பதில் சொல்வது? பின்னர் பார்க்க வேண்டியவற்றுக்கென்றே என்னிடம் தடிமனாக ஒரு கோப்பு உண்டு. அதில் செருகினேன். இரண்டு வருஷம் கழித்து இன்னொரு கடிதம் எழுதினாள், அதற்கும் பச்சை மைதான். மூன்றாவதற்கும் அதே கதி. மூன்றையும் ஒழுங்காக வரிசை எண் போட்டு வைத்தேன் என்பதைத் தவிர எனக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இதற்கிடையில் மாணவர்கள் பாடு திண்டாட்டம். நேர்கோடாக வர வேண்டிய வரைபடம் கடைசியில் வளைந்து வரும், ஆசிரியர்கள் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். பிள்ளைகள் பாவம் என்று அவள் ஒரு வழி பண்ணினாள். ஒவ்வொரு பிரிவு வரும்போதும், "அறுபதுக்கு மேலே நாலு, தொண்ணூறுக்கு மேலே ஆறு, கூட்டி எழுதிக்கங்கப்பா" என்று காதோடு சொல்லிவிடுவாள். வருஷம் போகப் போக அது ஆய்வகத்தின் மந்திரமாகிவிட்டது. மாணவர்கள் தாளம் போட்டுச் சொல்லிக்கொண்டே தாழ்வாரத்தில் போவார்கள். தலைவர் அறை வாசலிலும் கேட்கும். எல்லோருக்கும் தெரியும், எங்கேயும் எழுதப்படவில்லை.

அவள் பத்தொன்பது வயசில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தவள். வகுப்பில் ஐம்பத்திரண்டு பேர், அதில் பெண்கள் மூன்று பேர். மேலே பொறியியல் பட்டம் படிக்கிறேன் என்றபோது அப்பா "பின்னால பாத்துக்கலாம்" என்றார். கல்யாணம் ஆயிற்று. கணவர் சரக்கு வேன் ஓட்டுகிறவர், நல்ல மனுஷன்தான். அவரும் "பின்னால பாத்துக்கலாம்" என்றார். மகள் பிறந்தாள். அதற்கப்புறம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளே சொல்லிக்கொண்டாள்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலைநேரப் பொறியியல் பட்டப்படிப்பு ஒன்று உண்டு. மொத்தம் முப்பது இடம், வருகிற விண்ணப்பம் ஆயிரத்து நூறுக்குக் குறையாது. முதலில் எழுத்துத் தேர்வு வைத்து அறுபது பேரை எடுப்பார்கள். அவர்களுக்குச் செய்முறைத் தேர்வு. இரண்டையும் கூட்டி முப்பது பேர். விண்ணப்பிக்கிறவருக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது.

விண்ணப்பம் பிரிப்பது என் மேசையில் நடக்கிற வேலை. ஆயிரத்து நூறில் பெண்கள் நாற்பது, மிஞ்சிப்போனால் நாற்பத்தைந்து. உறையைக் கிழிக்காமலே சொல்லிவிடுவேன். கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே வந்துவிடும், இணைப்புகள் வரிசை பிசகாமல் இருக்கும், கேட்காத சான்றிதழ்கூட இருக்கும். படிவத்தில் 'பணியில் இடைவெளி இருப்பின் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. ஆண்கள் அதில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பெண்கள் அந்தத் துக்குணியூண்டு கட்டத்துக்குள் பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள்: பிரசவம், குழந்தைக்கு உடம்பு சரியில்லை, மாமனார் படுத்த படுக்கை, மறுபடியும் பிரசவம். இடம் போதாமல் தனித்தாள் வைத்தவர்களும் உண்டு. அந்தக் கட்டத்தை அவ்வளவு சின்னதாக வரைந்த ஆளை ஒருநாள் நேரில் பார்த்து நாலு கேள்வி கேட்க வேண்டும்.

முதல் தடவை அவள் விண்ணப்பித்தபோது, தலைவரின் தடையில்லாச் சான்றிதழ் கிடைக்காமல் நின்றுபோயிற்று. அவர் கேட்டது நியாயம்தான் என்று அவர் மனதார நம்பினார்.

"சாயந்திர கிளாசுக்கு லேப்பைத் திறந்து வெக்கிறதே நீதான். நீயே கிளாஸ்ல உக்காந்துட்டா லேப்பை யாரும்மா பாக்கிறது?"

"நானே திறந்து வெச்சிட்டு உக்காந்துக்கிறேன் சார்."

"அதெப்படி? ஒரே ஆள் மேசைக்கு ரெண்டு பக்கமும் நிக்க முடியுமா?"

அவள் லேப்பைத் திறக்கப் போய்விட்டாள். அடுத்த முறை விண்ணப்பம் வந்தபோது தலைவரின் மகள் பகல்நேரப் பொறியியலுக்கு நாலு பல்கலைக்கழகங்களில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தாள். வீட்டில் சாப்பாடு இறங்காத நேரம். அந்த வாரம் மனுஷன் கொஞ்சம் இளகியிருந்தார், கையெழுத்துப் போட்டுவிட்டார். அவள் எழுத்துத் தேர்வு எழுதி, ஒன்றரை மதிப்பெண்ணில் கோட்டை விட்டாள்.

மூன்றாம் தடவை விண்ணப்பிக்கும்போது அவளுக்கு முப்பத்து நாலு வயசும் பத்து மாசமும். அடுத்த வருஷம் என்ற ஒன்று அவளுக்கு இல்லை. இது எனக்கும் தெரியும், தலைவருக்கும் தெரியும், அவள் வீட்டிலும் தெரியும்.

பகல் வகுப்பு நாலு மணிக்கு முடியும். மாலை வகுப்பு ஐந்தரைக்குத் தொடங்கும். நடுவில் இருக்கிற ஒன்றரை மணி நேரம்தான் அவளுடைய பள்ளிக்கூடம். மூன்றாவது இயந்திரத்துக்கும் நாலாவதுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு, கம்பி வைக்கிற மேடையில் புத்தகத்தை விரித்துக்கொள்வாள். வீட்டில் பாத்திரம் கழுவும்போது மகள் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து கேள்வி கேட்பாள். பதில் தப்பானால் "தப்பு" என்று நிறுத்தி, ருசித்துச் சொல்வாளாம். பதினாலு வயசுப் பெண்ணுக்கு அம்மாவை அப்படிச் சொல்ல எத்தனை தடவை வாய்க்கும், அவளும் விடவில்லை.

நாத்தனார் வந்தபோது, "இந்த வயசுல படிச்சு எந்த ஆத்துல பாலம் கட்டப் போறே?" என்று கேட்டிருக்கிறார்.

"பாலம் கட்டறவங்க வேற டிபார்ட்மெண்ட் அண்ணி" என்றாளாம் இவள்.

கணவர் மட்டும் "உன் இஷ்டம்" என்றார். அவர் வழக்கில் அதற்குச் 'சரி' என்றும் அர்த்தம் உண்டு, 'வேண்டாம்' என்றும் அர்த்தம் உண்டு. எழுத்துத் தேர்வன்று காலையில் வேனில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார். அதனால் 'சரி' என்று எடுத்துக்கொண்டோம்.

எழுத்துத் தேர்வில் அவளுக்கு முப்பத்து நாலாவது இடம். அறுபதுக்குள் வந்தாயிற்று, ஆனால் முப்பதுக்குள் வர வேண்டுமென்றால் செய்முறையில் நன்றாகச் செய்தே ஆக வேண்டும். அந்த அறுபதில் பெண்கள் ஐந்து பேர்.

செய்முறைத் தேர்வுக்கு மதிப்பெண் போட வேறு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். பெண்; நரைத்த குட்டை முடி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி. பெண்ணாயிற்றே, இந்த ஐந்து பேருக்கும் கொஞ்சம் பார்த்துப் போடுவார் என்று ஆசிரியர்கள் அறையில் பேசிக்கொண்டார்கள். முதல் பிரிவிலேயே ஒரு பெண்ணுக்குப் பத்துக்கு மூன்று போட்டார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

தேர்வு இரண்டு நாள் நடந்தது. லேப்பக்கா தேர்வு எழுதுகிறவள் என்பதால் அதற்கு முதல் நாளிலிருந்தே அவள் ஆய்வகத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. சாவி, பட்டறை உதவியாளர் ஒருவரிடம் போனது. பதினான்கு வருஷமாக அவள் திறந்த கதவுக்கு வெளியே, மேலங்கி இல்லாமல், மற்றவர்களோடு வரிசையில் நின்றாள். அவள் முறை இரண்டாம் நாள் பிற்பகல், கடைசிப் பிரிவில். எந்த இயந்திரத்தில் செய்ய வேண்டும் என்று சீட்டு எடுக்க வேண்டும். சீட்டுப் பெட்டியை நீட்டியவள் நான். அவள் எடுத்தது ஆறு.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடுவாள் என்று நினைத்தேன். அப்படித்தான் செய்தாள், வினையும் அங்கேதான் வந்தது.

ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி, முள்ளைப் பார்த்து, அச்சடித்த தாளில் எழுத வேண்டும். ஐந்தே அளவுகள்தான். முக்கால் மணி நேரம் கொடுத்திருந்தார்கள். அவள் இருபது நிமிஷத்தில் முடித்து, வரைபடமும் போட்டுக் கொடுத்துவிட்டாள். ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேர்கோடு. பேராசிரியர் அதைப் பார்த்தார். அடுக்கிலிருந்து இன்னும் சில தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இங்க வாங்க. இருபது மில்லிமீட்டர்ல எவ்வளவு காட்டுச்சு?"

"எண்பது மேடம்."

"சுத்திக் காட்டுங்க."

அவள் சக்கரத்தைச் சுற்றி, இருபதில் நிறுத்தினாள். முள் எழுபத்தாறில் நின்றது. அவள் முள்ளைப் பார்த்தாள், தன் தாளைப் பார்த்தாள்.

"உங்களுக்கு முன்னால இதே மெஷின்ல ஏழு பேர் செஞ்சிருக்காங்க" என்றார் பேராசிரியர். "ஏழு பேரும் எழுபத்தாறுன்னு எழுதியிருக்காங்க. கோடு கடைசில வளையுது, வில்லுதான் பழசு போலன்னு நினைச்சேன். உங்களுக்கு மட்டும் எண்பது, நூறு. நீங்க முள்ளைப் பாத்தீங்களா, இல்ல வரும்போதே நம்பரைக் கொண்டு வந்துட்டீங்களா?"

பக்கத்து இயந்திரத்தில் தேர்வு எழுதிக்கொண்டிருந்த ஒருவர் தலையை நிமிர்த்தாமலே, "அவங்க இங்கதான் வேலை பாக்கிறாங்க மேடம். எல்லாம் மனப்பாடமா இருக்கும்" என்றார்.

மனப்பாடமாக எழுதினாள் என்று முடிவானால் அது மோசடி. தேர்விலிருந்தே வெளியே அனுப்பிவிடுவார்கள். இல்லை, இயந்திரம்தான் தப்பு என்று அவள் சொன்னால், அந்த இயந்திரம் சரி என்று வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டவர் கதவருகில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். வருகைத்தாளைப் பிடித்தபடி நான் அவர் பின்னால் நின்றேன்.

"கை தானா எழுதிடுச்சு மேடம்" என்றாள் அவள். "அறுபதுக்கு மேல போனா இந்த முள்ளு கம்மியா காட்டும். அறுபதுக்கு மேலே நாலு, தொண்ணூறுக்கு மேலே ஆறு. எனக்கு அது பழக்கமாயிடுச்சு. கூட்டினதையே எழுதிட்டேன்."

தலைவர் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார். "பழைய மெஷின் மேடம், கொஞ்சம் முன்ன பின்ன இருக்கத்தான் செய்யும். பாவம், பதட்டத்துல என்னமோ சொல்லுது. மோசடின்னெல்லாம் போக வேண்டாம். மார்க்கைக் கொஞ்சம் கொறைச்சுப் போட்டு விட்டுடுங்களேன்."

கேட்பதற்கு உபகாரம் மாதிரி இருந்தது. குறைத்துப் போட்டால் அவள் முப்பதுக்குள் வர மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். சரி என்று தலையாட்டிவிட்டுப் போயிருந்தால் அவமானம் இல்லை, வேலைக்கும் பங்கம் இல்லை, நாளைக் காலையில் அதே மேலங்கியை மாட்டிக்கொண்டு அதே தரையைத் தேய்த்திருக்கலாம். தலையாட்டிவிடு என்று நானே மனசுக்குள் சொன்னேன். இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"பீரோல எடைக்கட்டி இருக்கு மேடம்" என்றாள். "ஏத்திப் பாருங்க."

அவள் தொடக் கூடாது என்பதால் பட்டறை உதவியாளர் தூக்கி வந்து வைத்தார். இருபது கிலோ கட்டிகள். மூன்று வைத்ததும் முள் அறுபதில் சரியாக நின்றது. நாலாவதை வைத்தார், எழுபத்தாறு. ஐந்தாவதை வைத்தார், தொண்ணூற்று நாலு. தேர்வு எழுதிக்கொண்டிருந்த மற்றவர்களும் தங்கள் வேலையை விட்டுவிட்டு அந்த முள்ளையே பார்த்தார்கள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார்.

"இது எத்தனை நாளா தெரியும்?"

"ஏழு வருஷமா."

"ஏழு வருஷமா தெரிஞ்சும் மனசுக்குள்ளயே கூட்டிக்கிட்டு இருந்தீங்களா? எழுதிக் குடுக்கணும்னு தோணலையா? மெஷின் தப்பா காட்டுதுன்னு தெரிஞ்சும் சும்மா இருந்த ஒருத்தரை நான் எப்படி இஞ்சினியரிங்குக்கு எடுக்கிறது?"

அவள் தலைவரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். உதவி கேட்கிற பார்வை இல்லை அது. என்னிடம் அவள் என்றைக்கும் எதையும் எதிர்பார்த்ததில்லை, அதற்கு நான் இடம் கொடுத்ததும் இல்லை.

"மூணு தடவை எழுதிக் குடுத்தேன் மேடம்" என்றாள்.

"அப்படி எதுவும் என் பார்வைக்கு வந்த மாதிரி ஞாபகம் இல்லையே" என்றார் தலைவர். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆபீஸ்ல போய்ப் பாத்துட்டு வாங்கம்மா. இருக்காதுன்னுதான் நினைக்கிறேன்" என்றார்.

ஆய்வகத்திலிருந்து என் மேசைக்கு ஒரு தாழ்வாரம், பன்னிரண்டு படி. அதை நான் அன்றைக்கு நடந்த மாதிரி என்றைக்கும் மெதுவாக நடந்ததில்லை. என்னைத் தைரியசாலி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி. போய் ஐந்து நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, திரும்பி வந்து கிடைக்கவில்லை என்று சொன்னால் போதும். இருபத்தாறு வருஷமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அலமாரியைத் திறந்தேன். கோப்பு முன்வரிசையிலேயே இருந்தது. எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். மூன்று கடிதத்தையும் நான்தானே அடித்தேன், மூன்றையும் நான்தானே செருகினேன் என்று ஒரு எரிச்சல் வந்தது. என் மேலேயே வந்த எரிச்சல். அந்த வேகத்தில் இறங்கிப் போய், தலைவர் நீட்டிய கையைத் தாண்டி, பேராசிரியர் கையில் கொடுத்துவிட்டேன்.

அவர் மூன்றையும் நின்றபடியே படித்தார். பச்சை மையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

ஆறாவது இயந்திரத்தில் செய்த எட்டுப் பேருடைய தேர்வும் செல்லாது, இயந்திரத்தைப் பழுதுபார்த்த பிறகு எட்டுப் பேருக்கும் மறுதேர்வு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எட்டில் அவளும் ஒருத்தி. அவள் சரியாகச் செய்ததும் சேர்த்து ரத்தானது. இது என்ன நியாயம் என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அவளைப் பார்த்து அவர் சொன்னது இவ்வளவுதான்:

"நீங்க எழுதின நம்பர் சரி. ஆனா கண்ணால பாத்தது எங்க? திருத்தினது எங்க? தாள்ல ரெண்டும் இல்ல. நீங்க கூட்டினது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

அவள் தலையை ஆட்டினாள். ஆணியில் தொங்கிய மேலங்கியை ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே போனாள்.

பத்து நாளில் கம்பெனி ஆள் வந்து ஆறாவது இயந்திரத்தின் முதுகைத் திறந்தார். உள்ளே ஒரு சின்ன ஆணி தேய்ந்துபோயிருந்தது. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். புதிதாக ஒன்றைப் போட்டு, மூடிவிட்டு, அரை மணி நேரத்தில் போய்விட்டார். அந்தப் பழைய ஆணியை நான் கேட்டு வாங்கி மேசை டிராயரில் போட்டு வைத்திருக்கிறேன். தலைவர் அந்தப் பத்து நாளும் எங்கள் இருவரோடும் பேசவில்லை. சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவார், அதே பச்சை மையில். மேலிடத்திலிருந்து அவருக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அதையும் நான்தான் பதிவேட்டில் ஏற்றினேன்.

மறுதேர்வில் அவளுக்கு என்று எந்தச் சலுகையும் மிச்சமில்லை. இயந்திரம் இப்போது எல்லோருக்கும் ஒரே மாதிரி உண்மை சொன்னது. எட்டுப் பேரும் செய்துவிட்டுப் போனார்கள். தாள்களை வாங்கிக் கட்டுவது என் வேலை. அவள் தாளைப் பார்த்தேன். அச்சடித்ததில் 'பாரம்' என்று ஒரு பத்திதான் இருக்கும். அவள் அதன் நடுவில் பென்சிலால் கோடு இழுத்து இரண்டாக்கியிருந்தாள். இடது பக்கம் 'பார்த்தது'. வலது பக்கம் 'சரியானது'. இருபதுக்கு இருபது, நாற்பதுக்கு நாற்பது, அறுபதுக்கு அறுபது, எண்பதுக்கு எண்பது, நூறுக்கு நூறு. கீழே 'திருத்தம்: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். முக்கால் மணி நேரத்தையும் முழுசாக எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாளை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் கட்டினேன்.

முடிவுப் பட்டியலை அடித்தவளும் நான்தான். ஒன்றிலிருந்து அடித்துக்கொண்டே வந்தேன். பத்து, பதினைந்து, இருபது. இருபத்தைந்தைத் தாண்டியதும் ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். இருபத்தேழாவது வரியில் அவள் இருந்தாள். மிச்ச மூன்றை எப்படி அடித்தேன் என்று தெரியாது. பட்டியலில் பெண்கள் மொத்தம் மூன்று பேர்.

ஆய்வகத்துக்குப் போனேன். நாலாவது இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இருபத்தேழு" என்றேன்.

"என்னக்கா இருபத்தேழு?"

"உன் எண்."

"முப்பதுக்குள்ளயா?" என்றாள். பிறகு, "சரியாப் பாத்தீங்களா? அடிக்கும்போது வரி மாறிடலையே?"

"மாறல. மாறியிருந்தா மனசுக்குள்ள கூட்டிக் கழிச்சு நீயே சரி பண்ணிட மாட்டியா."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்ததில் கையிலிருந்த துணியின் எண்ணெய் கன்னமெல்லாம் ஆனது. வேனுக்குப் போன் போட்டாள். "ஆமாங்க. இருபத்தேழு. ஆமா." அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று கேட்டேன். "சாயந்திரம் வந்து கூட்டிட்டுப் போறேன்னார்" என்றாள்.

லேப்பை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு மட்டும் அப்புறமும் விடை இல்லை. புதிதாக ஆள் போட மேலிடத்தில் கேட்டிருக்கிறது என்று பச்சை மைச் சீட்டு வந்தது. அதுவரை அவளே பார்க்க வேண்டியது.

மாலை வகுப்பின் முதல் செய்முறை நாளன்று வருகைப் பதிவேட்டைக் கொடுக்க நான் ஐந்தரைக்குக் கீழே போனேன். விளக்கெல்லாம் போட்டு, எட்டு இயந்திரங்களையும் தயாராக வைத்துவிட்டு, மேலங்கியோடு நின்றுகொண்டிருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருபத்தொன்பது பேர். ஆசிரியர் வழக்கம்போல் வந்தபாடில்லை. ஆசிரியர் வருவதற்குள் வருகை எடுத்து வைப்பது எப்போதும் அவள் வேலை. பதிவேட்டை விரித்துக் கூப்பிட ஆரம்பித்தாள்.

"ஒண்ணு." "வந்திருக்கேன்." "ரெண்டு." "வந்திருக்கேன்." அப்படியே போனது. நான் கதவருகில் நின்றுவிட்டேன், கிளம்ப மனசு வரவில்லை.

"இருபத்தாறு."

"வந்திருக்கேன்."

"இருபத்தேழு" என்று கூப்பிட்டாள். யாரும் பேசவில்லை. பதிவேட்டை மேசையில் வைத்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், வரிசையில் இருபத்தாறுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"வந்திருக்கேன்" என்றாள்.

பிறகு திரும்பி வந்து, பென்சிலை எடுத்து டிக் போட்டுவிட்டு, "இருபத்தெட்டு" என்றாள்.